ஒன்பது கிலோ

ஓடினால் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் காலையில் அந்த மைதானத்து சிமெண்ட் பெஞ்சுக்கு வந்து பார்க்க வேண்டும். லென்ஸ் அக்கா அங்கேதான், ஓட்டத்தை முடித்துவிட்டு ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்த இடத்தில், நாள் தவறாமல் இடிந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துகிறவளை எல்லாரும் லென்ஸ் அக்கா என்றே கூப்பிட்டு, பெயர் தேய்ந்து போய்விட்டது.

பெரிய அழுகையெல்லாம் இல்லை. மூச்சு வாங்குவது அடங்கும், வேர்வை ஆறும், அப்புறம் எங்கிருந்தோ ஒரு இருட்டு வந்து நெஞ்சில் குந்திக்கொள்ளும். ஒரு கயிறு அவிழ்ந்திருக்கும், இன்னொன்றை அவிழ்க்கக் கை எழாது. யாருக்காக இந்தப் பாடு என்று தோன்றும். சிரிக்கிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றையும்விட மோசம், தம்பியின் முகம் நினைவுக்கு வந்தால் பாசம் வராது, எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் அவள் ஓடியதே தம்பிக்காக. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் இருக்கிற மாடியெல்லாம் ஏறி இறங்கியவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அக்காவின் சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனை சொன்னது. ஆனால் ஒன்பது கிலோ எடை குறைத்துவிட்டுத்தான் ஆபரேஷன் மேஜைக்கு வரவேண்டும் என்றார் டாக்டர்.

"ஒன்பது கிலோல கிட்னியும் சேர்த்தியா, தனியாக்கா?" என்று கேட்டான் தம்பி. சாகக் கிடந்தாலும் அவன் வாய் சும்மா இருக்காது.

டாக்டர் கொடுத்தது நாலு மாசம். இவள் இரண்டே மாசத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். அவர் நாலு சுற்று என்றால் இவள் பத்து சுற்று ஓடினாள். காலையில் வெறும் வயிறு, பதினோரு மணிக்குக் கடை டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் இரண்டு வெள்ளரிக்காய், ராத்திரிக்கு ஒரு கிண்ணம் சூப். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்: "உன் உடம்பு, உன் தம்பி. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா கொஞ்சம் சாப்பிட்டுட்டு ஓடேன்." அவர் சொல்லி என்றைக்கு இவள் கேட்டிருக்கிறாள்!

அந்த இருட்டு ஏன் வருகிறது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்க வெட்கம். பக்கத்தில் ஓடுகிற பெண்கள் எல்லாம் முகம் மலர்ந்து வீட்டுக்குப் போகும்போது, எனக்கு மட்டும் ஓடினால் மனசு இருட்டிக்கொள்கிறது என்று எப்படிச் சொல்வது? அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். மனுஷி களைத்து விழும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஆக, எனக்குக் கொடுக்க மனசில்லை. பகல் முழுக்க நல்ல அக்கா வேஷம் போடுகிறேன், பெஞ்சில் அது கலைந்துவிடுகிறது. எங்கே படித்தாள், யார் சொன்னார்கள் என்றால் ஒருவரும் இல்லை. தானே சட்டம் போட்டு, தானே குற்றவாளிக் கூண்டிலும் ஏறி நின்றாள்.

வேலையிலும் கை தடுமாறியது. ஒரு வாத்தியாரின் கண்ணாடியில் இடது லென்ஸை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள். போட்டுக்கொண்ட மனுஷர் இரண்டு படி இறங்குவதற்குள் தலை சுற்றித் திரும்பி வந்தார். "உங்க கையில இந்தத் தப்பு வராதேக்கா" என்றார் முதலாளி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாள். அன்றைக்கு எடை மெஷின் முள்ளை ஏமாற்றியாவது இறக்கிவிட வேண்டும் என்று பதினாலு சுற்று ஓடினாள். முதல்நாள் சூப்பும் கிடையாது. தண்ணீருக்கும் எடை உண்டே என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மைதானத்திலிருந்து நேராக பஸ் ஏறினாள். ஆறு கிலோ குறைந்திருந்தது. அதைக் கேட்டும் சந்தோஷம் வரவில்லை. இருட்டு அன்றைக்கு பெஞ்சோடு நிற்காமல் கூடவே பஸ் ஏறி வந்திருந்தது.

சிறுநீரக மாற்று சிகிச்சைப் பிரிவு நர்ஸ் எப்போதும் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பவள். லென்ஸ் அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இத உங்ககிட்ட தனியாத்தான் கேக்கணும்னு விதிம்மா. கிட்னி குடுக்க உங்களுக்கு முழுச் சம்மதமா? யாராவது வற்புறுத்தறாங்களா? வேண்டாம்னா இப்பவே சொல்லலாம். காரணத்த நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். பரிசோதனைல உங்க உடம்பு ஒத்து வரலன்னு மட்டும் வீட்டுக்குச் சொல்லுவோம்."

அப்படி ஒரு கதவு இருக்கிறதென்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஜன்னல் விளிம்பில் படிந்த தூசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை விரல்கள் சில்லிட்டிருந்தன.

"வேண்டாம்" என்றாள்.

நர்ஸ் திடுக்கிடவில்லை. எழுதிக்கொண்டாள். "இதுல தப்பே இல்லம்மா" என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். வெளியே வந்தபோது பாரம் இறங்கினாற்போல் இருந்தது. பார்த்தாயா, இதுதான் என் நிஜம் என்று அந்த நிம்மதியையே சாட்சிக்கு வைத்துக்கொண்டாள்.

கடையில் பதினோரு மணிக்கு டீ வரும், கூட இரண்டு பிஸ்கட். அன்றைக்குப் பசி தாங்காமல் பாக்கெட்டையே காலி செய்தாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் லென்ஸில் நடுப்புள்ளி குறித்துக்கொண்டிருந்தபோது, ஜுரம் விட்டதுபோல் அந்த இருட்டு விலகியது. தினமும் இந்த நேரத்துக்கு விலகுவதுதான், அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே எரிச்சல் வரவில்லை, பழைய பாசம்தான் வந்தது. வந்ததும் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். ஏனென்றால் மற்ற நாள் இருட்டு சுவடில்லாமல் போய்விடும். இன்றைக்கு அது சொன்ன வார்த்தை ஒரு ஃபைலில் ஏறிக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். நர்ஸ் வார்டில் இருப்பதாகவும் நாளைக் காலையில் கூப்பிடும்படியும் சொன்னார்கள். போனை வைப்பதற்குள் தம்பியிடமிருந்து அழைப்பு. பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"அக்கா, இப்பத்தான் வந்து சொன்னாங்க. உன் உடம்பு ஒத்து வரலையாம். அத விடு, போகட்டும். நீ ஓடின ஓட்டத்துக்கு வேற யாராவது இருந்தா பதக்கமே குடுத்திருப்பாங்க."

அவள் போனோடு கடை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அதில்லக்கா. உனக்கு என்ன? ஏதாவது பெரிய வியாதியா? மறைக்காத. என்ன கண்டுபிடிச்சாங்க உன் உடம்புல?"

மெஷினில் கிடப்பவன் இவளுக்கு வியாதியோ என்று பயந்தான். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "சாயங்காலம் நேர்ல வரேன்டா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அவன் சோபாவில் படுத்திருந்தான், கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு. அவன் பெண்டாட்டி அவனுக்கு அன்றைய தண்ணீரை அளவுக்கோடு போட்ட பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மடக்கு கூடக் குடிக்க விடாததால் அவளுக்கு அந்த வீட்டில் ஹெட்மாஸ்டர் என்று பட்டம்.

லென்ஸ் அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சைச் சொன்னாள், எரிச்சலைச் சொன்னாள், சாத்திய கதவையும் 'வேண்டாம்' என்றதையும் சொன்னாள். "எனக்கு ஒரு வியாதியும் இல்ல. உன் அக்காவுக்கு மனசுதான் இல்ல போலிருக்கு. ஆனா இப்ப இருக்குடா. எது நெஜம்னு எனக்கே தெரியல."

தண்ணீர் ஊற்றிய கை நின்றது. தம்பி சோபாவில் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

"அப்பாடா."

"அப்பாடாவா?" பாட்டிலை ணங்கென்று மேஜையில் வைத்தாள் ஹெட்மாஸ்டர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அண்ணி, எனக்குக் கோபம் வருது. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எத்தன மணிக்கு அந்த வார்த்தைய சொன்னீங்க?"

"ஒன்பதர இருக்கும்."

"அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல. ஓடிட்டு நேரா போனேன். தண்ணிகூட குடிக்கல."

ஹெட்மாஸ்டர் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"மெஷின்லேர்ந்து இறங்கினா எனக்கும் அப்படித்தான்க்கா" என்றான் தம்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "உடம்புல ஒண்ணுமே மிச்சம் இருக்காது. எல்லாம் போதும், இனிமே போகலன்னு இவகிட்ட நாலு தடவ சொல்லியிருக்கேன். ஒரு தடவ எழுதித் தரேன், பேப்பர் குடுன்னு கேட்டேன்."

"பேப்பர் தரேன், முதல்ல சாப்பிடுங்க, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து கேளுங்கன்னேன்" என்றாள் ஹெட்மாஸ்டர். "எழுந்ததும் டிவி ரிமோட் எங்கன்னு கேட்டார். உங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்த குடுக்க ஆளில்லாம போச்சு, அண்ணி." கோபம் முழுக்கப் போகாமலே ஒரு தட்டில் ரொட்டியை வைத்து நீட்டினாள்.

லென்ஸ் அக்கா அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள். தம்பி அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தான்.

"ஆனா ஒண்ணுக்கா. வயிறு நிறைஞ்சு, தூங்கி எழுந்த பிறகும் வேண்டாம்னு தோணினா, அதுதான் உன் பதில். அப்ப தைரியமா சொல்லிடு. நான் உன்ன ஒரு சொல் சொல்ல மாட்டேன்."

மறுநாள் நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபைலை நிறுத்தி வைத்திருப்பதாகவும், ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி பேச முடியும் என்றும் சொன்னாள். டாக்டர் லென்ஸ் அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். ரத்தத்தில் இரும்புச்சத்து இறங்கிக் கிடந்தது. ஓட்டத்தைப் பாதியாக்கினார். ஓடுவதற்கு முன்னால் ஒரு வாழைப்பழம், பின்னால் முட்டையும் ரொட்டியும், நிறையத் தண்ணீர். ஓடிவிட்டு சட்டென்று உட்காராமல் இரண்டு சுற்று மெல்ல நடக்க வேண்டும். நேரத்தில் தூங்க வேண்டும். "இவ்வளவு பண்ணியும் மனசு இருட்டாவே இருந்தா வெக்கப்படாம வாங்க. அதுக்கும் டாக்டர் இருக்காங்க" என்றார்.

ஆறு வாரம் என்றால் தம்பிக்குப் பதினெட்டு தடவை மெஷின். ஒவ்வொரு தடவையும் அவள் கணக்கில் விழுந்தது. எடை இப்போது ஆமைபோல் இறங்கியது. அவசரப்பட்டு வெள்ளரிக்காய்க்குத் திரும்பிவிடலாமா என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்வாள். இருட்டு உடனே ஓடிப்போய்விடவில்லை. சில நாள் வந்தது, ஆனால் இளைத்துப்போய் வந்தது. வந்தால் அவள் நடந்துகொண்டே இருப்பாள். பேசறதெல்லாம் பேசு, பதில் பதினோரு மணிக்குத்தான் என்று அதனிடம் சொல்வாள். சில நாள் வராமலே போயிற்று.

அது போன இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். பயம். கத்தியைப் பற்றிய பயம், மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போனால் என்கிற பயம். வயிறு நிறைந்திருந்தாலும், நன்றாகத் தூங்கியிருந்தாலும் அது போகவில்லை. இது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுபடியும் ஒரு வியாழக்கிழமை. எட்டரை கிலோ குறைந்திருந்தது. பாக்கி அரை கிலோ பரவாயில்லை என்றார் டாக்டர். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்மா. போன தடவ மாதிரியே விஷயம் வெளிய போகாது."

"தெரியும் சிஸ்டர். அதனாலதான் இன்னிக்கு ஓடல. நல்லா தூங்கினேன். ரெண்டு முட்ட சாப்பிட்டுட்டு வெளிய ஒரு மணி நேரம் உக்காந்துட்டு உள்ள வரேன்."

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

நர்ஸ் பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் அக்கா மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். இந்தத் தடவை அவை சில்லிட்டிருக்கவில்லை.

"பயம்னு எழுதிக்கோங்க, சிஸ்டர். அதுக்குக் கீழ சம்மதம்னும் எழுதுங்க" என்றாள்.

நர்ஸ் இரண்டையும் எழுதினாள்.