கம்மூன் ஊற்றிய ஒன்பது கிண்ணம் நீர்

கம்மூன் தன் அக்கா புவாசோனின் கைகளில் ஊற்றிய நீர் ஒன்பது ஆண்டுகளாகக் கீழே விழவில்லை. பிரே ஊரில் யோம் ஆற்றுக்கு இறங்கும் சந்தில், தூண்கள்மேல் நிற்கும் அவளுடைய மரவீட்டுக்கு அடியில், ஒன்பது நீர்த்தாரைகள் வரிசையாக அந்தரத்தில் நின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனம், ஒரு முழ நீளம். சீயக்காயும் மல்லிகையும் ஊறிய வாசனை எதிலும் மாறவில்லை. வெயில் காலத்தில் கோழிகள் அவற்றில்தான் குடித்தன, குடித்தாலும் குறையவில்லை. மூன்றாம் ஆண்டின் தாரைக்கும் நான்காம் ஆண்டின் தாரைக்கும் இடையில் கொஞ்சம் அகலமாக இடம் இருந்ததால் புவாசோன் தன் ஸ்கூட்டரை அங்கே நிறுத்தினாள்.

பௌத்த ஆண்டு 2551இல் இது ஆரம்பித்தது. புவாசோன் கண்புரை அறுவைக்காகச் சியாங் மாய் போயிருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால், தம்பி வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு, ஒரு பலா நின்றது. அவளை விட்டுப் போன புருஷன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதை நட்டதுதான். புத்தாண்டுக்கு மறுநாள் எல்லா வீட்டிலும் பலாப்பிஞ்சுக் குழம்பு வைக்க வேண்டும். சந்து முழுவதற்கும் பிஞ்சு அந்த மரத்திலிருந்து போனது. கம்மூன் அதை வெட்டினான். நாள் பார்த்து வெட்டினான். பழைய ஆண்டை விரட்ட ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கும் நாளில் ரம்பச் சத்தம் யாருக்கும் கேட்காது. அடுத்த நாள் அழுகல் நாள். அன்று யாரையாவது திட்டினால் ஆண்டு முழுவதும் வாய் அழுகும் என்பதால், பன்றிக்கறிக் கடைக்காரர்கள்கூட அன்று சாந்தமாகப் பேசுவார்கள். அக்கா அன்றுதான் திரும்புகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்கு மறுநாள் புத்தாண்டு. இளையவன் மூத்தவள் கையில் நீர் ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டால் அவள் ஆசி சொல்லியே ஆக வேண்டும். கணக்கு அழகாக இருந்தது.

அவள் வந்தாள், அடிக்கட்டையைப் பார்த்தாள், வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். காற்றில் விழுந்துவிட்டது என்றான் கம்மூன். மறுநாள் முழங்காலிட்டு வெள்ளிக் கிண்ணத்தைச் சாய்த்தான். நீர் இறங்கி, அவள் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அவள் ஆசியைச் சொல்லி முடித்துவிட்டு, ஈரமில்லாத கையைப் பழக்கத்தில் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கம்மூன் செய்யாதது இல்லை. கிண்ணத்தை மாற்றினான், கிணற்றை மாற்றினான், ஐஸ் நீரை ஊற்றினான், வெந்நீரை ஊற்றினான், ஏணியில் ஏறி நின்று ஊற்றினான். அவன் தெருவில் வாளியால் வீசிய நீர் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் நனைத்தது. ரப்பர் குழாயால் அக்காவைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தபோதும் அது ஒழுங்காக விழுந்தது. மன்னிப்பு நீர் மட்டும் நின்றது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போனார். கோயில் பிக்கு வந்து பார்த்துவிட்டு, விழும்போது விழும் என்றார். அதைச் சொல்லப் பிக்கு எதற்கு என்று கம்மூனுக்கு எரிச்சலாக வந்தது. அக்காவைக் கேட்டால் ஒவ்வொரு ஆண்டும் ஒரே பதில்தான்: "என் மனசுல ஒண்ணுமில்லடா. ஆசி சொல்லியாச்சு. சொன்னதுக்கப்புறம் பழசைக் கிளறினா நல்லா இருக்குமா?"

அவனுடைய மகள் பிக்குனுக்கு லம்பாங்கில் மாப்பிள்ளை பேசி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்யாணம் என்றால் பெரியவர்கள் மணமக்கள் கையில் நீர் ஊற்ற வேண்டும். தாயில்லாத பெண்ணுக்கு முதல் நீர் அத்தை கையால், இரண்டாவது அப்பன் கையால். மாப்பிள்ளையின் அம்மா அந்த ஒன்பது தாரைகளையும் வந்து பார்த்தாள், ஒன்றை விரலால் தொட்டும் பார்த்தாள். என் மகன் கையில் இது தொங்கினால் அவன் எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்டாள். 2560இன் அழுகல் நாளன்று காலையில் தொலைபேசியில் கடைசி வார்த்தை வந்தது. இந்தப் புத்தாண்டிலும் விழாவிட்டால் வேறு பெண் பார்க்கப் போகிறார்கள். பிக்குனுக்கு முப்பத்துநான்கு வயது. அவள் அழவில்லை. "அப்பா, நீங்க ஊத்தி ஊத்தி நான் கிழவி ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த நாளின் வழக்கப்படி கோயிலுக்கு மணல் சுமக்கப் போய்விட்டாள்.

கம்மூன் அக்கா வீட்டுக்கு அடியில் போய் நின்றான். அவள் வாழையிலையில் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கா."

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமாடா?"

"தெரியும். நீ கண்ணு காட்டிட்டுத் திரும்பின அன்னிக்கும் இதே நாள்தான். உன் வாயைக் கட்டிப் போடத்தான் நாள் பார்த்து வெட்டினேன். காத்துமில்ல, ஒண்ணுமில்ல. நான்தான்."

"ஊருக்கே தெரியும். காத்து என்ன, ரம்பம் தூக்கிட்டு வருமா? போடா, நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு நீ ஆசிதான் சொல்லுவ. ஒன்பது தடவை சொல்லியாச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு வாந்தி வருது. அந்தக் குடிகாரன் நட்ட மரத்துக்கு இவ்வளவு ராங்கியா?"

புவாசோன் இலையைக் கீழே வைத்தாள். "கண்ணுக் கட்டை அவுத்துட்டு வந்தவ முதமுதல்ல தெளிவாப் பார்த்தது அந்தக் கட்டையைத்தான்டா, நாசமாப் போறவனே!" என்று ஆரம்பித்தாள். முதல் ஆண்டின் நீர் பொத்தென்று விழுந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஒன்பது ஆண்டுகளாக வரிசை கலையாமல் வைத்திருந்த வார்த்தைகள் அவளிடம் இருந்தன. அவனுடைய பல், அவனுடைய நடை, சின்ன வயதில் அவன் தின்றுவிட்டு நாய்மேல் பழி போட்ட மீன் எல்லாம் வந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தி வானொலியைப் பெரிதாக வைத்தார்கள். எட்டுத் தாரைகள் விழுந்தன. ஒன்று மட்டும் நின்றது.

"ஒவ்வொரு மழைக்கும் உன் இலையை என் கூரையிலேருந்து அள்ளினது யாரு?" என்று கத்தினான் கம்மூன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏறிக் கூட்டியிருப்பேனேடா!"

"சொன்னேன்! மூணு வருஷம் சொன்னேன்! நீ ரேடியோவைச் சத்தமா வச்ச, கிழட்டுச் செவிடே!"

புவாசோன் யோசித்தாள். "வச்சேன்" என்றாள். கடைசித் தாரை ஸ்கூட்டர் இருக்கைமேல் விழுந்தது.

மறுநாள் காலை அவன் ஊற்றிய நீர், நீர் விழுகிற மாதிரியே விழுந்து, அவள் விரலிடுக்கில் வழிந்து பாயை நனைத்தது. அவள் ஆசி சொல்ல வாயைத் திறந்தாள். ஆற்றங்கரையில் மூன்று நாள் கிடந்த மீனின் நாற்றம் வந்தது. நன்றி சொல்ல அவன் வாயைத் திறந்தபோதும் அதே நாற்றம்தான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சடங்கை முடித்தார்கள்.

ஜூன் மாதத்தில் கல்யாணம் நடந்தது. அத்தையும் அப்பனும் வாயை இறுக மூடிக்கொண்டு ஊற்றினார்கள். நீர் விழுந்தது, மாப்பிள்ளையின் அம்மா முந்தானை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். பிக்குன் லம்பாங்குக்குப் போய்விட்டாள். நாற்றம் அடுத்த புத்தாண்டுவரை போகாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் வைத்தியம் சொல்லவில்லை. சந்தில் யாரும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. கம்மூன் தன் சோற்றுக் கூடையை எடுத்துக்கொண்டு தினமும் அக்கா வீட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தான். குடிக்க நீர் இல்லாமல் போன கோழிகளுக்கு அவள் ஒரு சட்டியில் ஊற்றி வைத்திருந்தாள். குழம்பில் உப்பு குறைவு என்று அவன் குறை சொன்னான், வாயை மூடிக்கொண்டு தின்னு என்று அவள் சொன்னாள், பேசினால் இருவர் வாயையும் ஈக்கள் மொய்த்தன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புவாசோன் சந்தையிலிருந்து இன்னொரு ஓலை விசிறி வாங்கி வந்து அவன் பக்கம் போட்டாள்.