பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை

பெயருக்கு முன்னால் எதையாவது மாட்டிக்கொண்டு வருகிற ஆளை நான் நம்புவதில்லை. எங்கள் தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வாசல் வரை நடந்து பாருங்கள். ஃப்ளெக்ஸ் போர்டில் வெறும் பெயரோடு நிற்கிற மனிதன் ஒருத்தன்கூட அகப்பட மாட்டான். சேவைச் செம்மல், கல்விக் காவலர், சமூகச் சிற்பி என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். எங்கள் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சுப்பு, போன சீசனில் குற்றாலத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு டாக்டர் ஆகிவிட்டான்.

"எந்த யுனிவர்சிட்டிலே குடுத்தான்?" என்று கேட்டேன்.

"அது வெளிநாட்டுல இருக்கு மதினி."

"எந்த நாடு?"

சாரலில் நனைந்த அங்கியைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குள் போய்விட்டான். மறுநாள் கடைப் பலகையில் 'டாக்டர் சுப்பு' என்று எழுதியிருந்தது. குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் போன பெண்கள் இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று அவனைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவனும் கூசாமல் சொல்ல ஆரம்பித்தான்.

அதனால் என் தம்பி தாணு, மகள் அபர்ணாவுக்குச் செங்கோட்டையில் வரன் பார்த்திருப்பதாகவும் பையன் பெயர் டாக்டர் சிவசைலம் என்றும் சொன்னபோது, எனக்கு அந்த முதல் வார்த்தைதான் உறுத்தியது.

"என்ன டாக்டர்லே?"

"ஜாதகத்துலயே போட்டிருக்கே அக்கா."

"சுப்பு ஜாதகத்துலயும் இனி அப்படித்தான் போடுவான். நீ விசாரிச்சியா?"

அவன் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்காமல் விடுவேனா? அபர்ணா தாயில்லாத பிள்ளை. என் மடியில் வளர்ந்தவள். ஜார்ஜியாவில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். கோயில் நிலத்தை நம்பியே பிழைத்த எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர் அவள்தான். அவள் ஊர் திரும்பிய அன்று தாணு வைத்த போர்டில், வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'டாக்டர் அபர்ணா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். இந்த ஊரில் நான் நின்று வாசித்துக் கண் கலங்கிய போர்டு அது ஒன்றுதான். அப்படிப்பட்ட பிள்ளையை ஹோட்டல் ஹால் டாக்டர் எவனுக்காவது கட்டிக்கொடுக்க என் மனசு கேட்குமா?

பையனும் பெண்ணும் பார்த்துப் பேசட்டும் என்று ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவர்களுடைய சொந்தக்காரர் பங்களாவில் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியே சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. நான் பையனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலை நீட்டினேன்.

"தம்பி, இந்த முட்டு படுத்தா குடையுது. என்ன மாத்திரை போடலாம்?"

அவன் சிரித்துவிட்டான். "அது எனக்குத் தெரியாது பெரியம்மா. நான் நெல்லுல விழுத பூச்சியைப் பத்திப் படிச்ச டாக்டர். விவசாயக் காலேஜ்ல பாடம் எடுக்கேன். மனுஷங்களுக்கு வைத்தியம் பாத்தா போலீஸ் புடிச்சிரும்."

பதில் சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமான பதில் என்றால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிற பாண்டித்துரையின் மகன் அந்தக் காலேஜில்தான் படிக்கிறான். வாசலுக்கு வந்து பாண்டித்துரைக்கு போன் போட்டேன்.

"சிவசைலம் சாரா? எம் மவனுக்கு அவருதான் வாத்தியாரு மதினி. பூச்சியைப் பத்திக் கேட்டா சோறு தண்ணி இல்லாமப் பேசுவாராம்."

சரி, பையன் அசல். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. உள்ளே திரும்பி வந்தபோதுதான் அது நடந்தது.

பையனின் அம்மா பேராச்சி, கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து அபர்ணாவிடம் நீட்டினாள். "நீ டாக்டராச்சே, சொல்லு. இது பிரஷருக்குள்ளது. இது மூட்டு வலிக்குக் கடையில வாங்குனது. ரெண்டையும் சேத்துச் சாப்பிடலாமா?"

அபர்ணாவின் கை அட்டை வரைக்கும் போனது. பிறகு, சூடுபட்ட கை மாதிரி பின்னால் வந்துவிட்டது.

"உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க அத்தை."

"சின்னப் பிள்ளைக்குக் கூச்சம்" என்று சொல்லித் தாணு பெரிதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லை.

வீடு வந்து சேரும்வரை அந்தக் கைதான் என் கண்ணில் நின்றது. அபர்ணா ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. ஒருத்தருக்காவது இவள் மருந்து சொல்லிப் பார்த்திருக்கிறேனா? எனக்குக் காய்ச்சல் வந்தபோது "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க அத்தை" என்றாள். பக்கத்து வீட்டு ஹைருன் பீவி பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, பிள்ளை குளிக்கிறாள் என்று தாணு வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவள் அப்போது குளிக்கவில்லை, அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நான்தான் நினைத்தேன்.

தம்பியைத் தனியாகப் பிடித்தேன். "ஏலே, அவ டாக்டர்தானா?"

முதலில் முறைத்தான். நான் நகரவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினான்.

"படிச்சு முடிச்சிட்டாக்கா. வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு இங்கன ஒரு பரிட்சை இருக்கு. அதுல தேறினாத்தான் இங்கன வைத்தியம் பாக்கலாம். இன்னும் தேறல. எழுதிக்கிட்டுதான் இருக்கா. இப்பம் இல்லாட்டி அடுத்த தடவை."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னா சம்பந்தம் நிக்குமா? ஊரே டாக்டரம்மான்னு கூப்பிடுது. இன்னைக்கு இல்லைன்னு சொன்னா அவ தெருவுல நடக்க முடியுமா? நீ வாயைத் தொறக்காத. எம்பிள்ளை வாழ்க்கை."

என் பிள்ளையும்தான். ஊர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தவளுக்கு வீட்டுக்குள் இருந்தது தெரியவில்லையே!

அபர்ணா மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அழவில்லை. மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

"வந்து எறங்கும்போதே அப்பா போர்டு வச்சிட்டாங்க அத்தை. அன்னைக்கே எடுக்கச் சொன்னேன், கேக்கல. அப்புறம் ஒவ்வொருத்தரும் டாக்டரம்மான்னு கூப்பிடக் கூப்பிட, மறுத்துச் சொல்லுத நாள் தாண்டிப் போயிட்டு. ஐந்தருவியில அவங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அப்பா பக்கத்தை விட்டு நகரவே இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாட்டி?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எல்லாரையும் சந்தேகப்படுவீங்களே அத்தை. சுப்பு மாமாகிட்ட எந்த நாடுன்னு கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவளுடைய போர்டின் முன்னால் கண் கலங்கி நின்ற என்னிடம் இந்தப் பிள்ளை எப்படி வந்து சொல்லும்?

"நிச்சயதார்த்தத்துல சபைக்கு முன்னால சொல்லப் போறேன்" என்றாள். "நீங்க எம் பக்கத்துல உக்காந்தாப் போதும்."

அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டில்தான். எங்கள் ஆட்களில் லக்கினப் பத்திரிகையை எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சபைக்கு நடுவில் உரக்க வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்பார்கள். சபை சம்மதம் என்று சொல்லிவிட்டால் அதில் உள்ளதெல்லாம் ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்றக் கேட்டாலும் அது சண்டை.

ஓதுவார் வாசிக்க ஆரம்பித்தார். செங்கோட்டை, குலம், கோத்திரம், தாத்தா பெயர் எல்லாம் வந்தது. "திருவளர்ச்செல்வன் டாக்டர் சிவசைலம்" என்றார். அபர்ணா என் கையைப் பிடித்தாள். "திருநிறைச்செல்வி டாக்டர் அபர்ணா" என்றார். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஓதுவார் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"நிறுத்துங்க" என்றேன். தாணு என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். "பிள்ளை பேசணும்ங்கா."

எல்லோரும் திரும்பினார்கள். அபர்ணா எழுந்து நின்றாள்.

"எம் பேருக்கு முன்னால உள்ள அந்த வார்த்தையை எடுத்துருங்க. இங்கன எழுத வேண்டிய பரிட்சையில நான் இன்னும் தேறல. மூணு தடவை எழுதிட்டேன்."

சபை கசகசத்தது. சிவசைலத்தின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சிவசைலம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"மறுபடி எழுதுவீங்களா?" என்று அவளிடம் கேட்டான்.

"எழுதுவேன்."

"அப்பம் சரி. அதை அடிச்சிட்டு வாசிங்க ஓதுவாரே."

"அடித்தல் விழுந்த பத்திரிகை ஆகாதுல்லா?" என்று தாணு பதறினான். அந்த நேரத்திலும் அவனுக்கு அந்த வார்த்தையை விட மனசில்லை. "நல்ல நேரமும் முடியப் போகுது."

பேராச்சி கைப்பையைத் திறந்து அந்த மாத்திரை அட்டைகளை எடுத்தாள். எழுந்து வந்து அபர்ணாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அன்னைக்குக் கேட்டதுதான். ரெண்டையும் சேத்துச் சாப்பிடலாமா? உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அத்தை" என்றாள் அபர்ணா. "ஆனா சொல்லுததுக்கு எனக்கு இன்னும் உரிமை இல்ல. நீங்க இன்னும் உங்க டாக்டரைப் பாக்கலைன்னா இன்னைக்கே போய்ப் பாத்துருங்க."

பேராச்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அட்டைகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வேற தாள் எடுங்க. மஞ்சளைக் குழைங்க" என்றாள் ஓதுவாரிடம்.

புதிதாக எழுதினார்கள். ஓதுவார் முதலிலிருந்து வாசித்தார். "திருநிறைச்செல்வி அபர்ணா" என்றார். எனக்குப் பக்கத்தில் அபர்ணா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தாணு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டபோது முதலில் சத்தமாகச் சொன்னது நான்தான். பேராச்சியும் சம்மதம் என்றாள். ஆனால் அவள் கண் எங்கள் மேலேயே இருந்தது. இந்த வீட்டில் இன்னும் என்னென்ன மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிற கண். அது எனக்குப் பழக்கமான பார்வை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

பார்க்கட்டும். என் பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு இனி ஒருத்தியாவது இருக்கிறாள்.