தசரதன் மாமா போனில் மட்டும்

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், பானுப்ரியாவின் தாய்மாமன் தசரதன் போளூரிலிருந்து போன் செய்து, "நல்லபடியா நடத்துங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டார்.

பானுவின் அம்மா தெய்வநாயகி கையிலிருந்த தேங்காயை அப்படியே கீழே வைத்தாள். மாமன் மாலை போடாமல் அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. "இன்னாண்ணே ஆச்சி?" என்று கேட்டதற்கு, "பத்திரிகையில எம்பேரே இல்ல. பேரு இல்லாதவன் எதுக்கு வரணும்?" என்றார். இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, "அப்ப எனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சின்றியா?" என்று போனையே அணைத்துவிட்டார்.

பத்திரிகை பானுவின் கைங்கரியம். ஆரணி வீட்டில் உட்கார்ந்துகொண்டே சென்னைக் கம்பெனிக்கு ஆப் செய்து கொடுப்பவள் அவள். சாமிக்கு வைக்கக் கொஞ்சம் அச்சடித்தால் போதும், மனிதர்களுக்கெல்லாம் ஆப்தான் என்று அடம்பிடித்தாள். அப்பா ஜெகநாதன் முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்குப் பாவு நூல் கொடுத்து, நெய்த புடவையை வாங்குகிறவர். வியாபாரத்தில் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார். மகளிடம் மட்டும் மொத்தமாக மடங்கிவிடுவார். மாமா வீட்டுக்குத் தாம்பாளத்தோடு போனவர், மாமாவின் போனையே வாங்கி ஆப்பை ஏற்றி, வெற்றிலை பாக்கின் மேல் வைத்து முறையாக நீட்டினார். மாமா நெகிழ்ந்துபோனார். ஜெகநாதன் பஸ் ஏறிய பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு தன் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. யாராவது தாமாக உணர்ந்து திரும்பி வருவார்கள் என்று முந்தின நாள் வரை வீம்பாகக் காத்திருந்திருக்கிறார், பாவம்.

பானு ஓடிப்போய்ப் பத்திரிகையைத் திறந்து பார்த்தாள். அவள் போனில் 'தாய்மாமன் போளூர் தசரதன்' என்று ஜம்மென்று இருந்தது.

"உன் போன்ல இருக்குது சரி. என் போன்ல பாரு," என்று சித்தப்பா சுப்பராயலு தன் பழைய போனை நீட்டினார். அதில் 'தாய்மாமன் போளூர் தச' வரைக்கும்தான் இருந்தது. மிச்ச மாமா திரைக்கு அடியில் போய்விட்டார்.

அப்புறம் என்ன, கல்யாண வீடே களத்தில் இறங்கியது. சீர்த்தட்டிலிருந்த பழத்தையெல்லாம் பாயில் கொட்டிவிட்டு, தட்டுகளில் வந்தவர் போனையெல்லாம் வாங்கி வரிசையாக அடுக்கினார்கள். புத்தம்புதுசு, விரிசல் விட்டது, மூன்று கை மாறியது என்று எத்தனை தினுசு! கம்பெனி காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சோதனைக்கூடம் கிடைக்காது. சின்னக்கண்ணு அத்தையின் டேப்லெட்டில் மாப்பிள்ளை அஜித்தின் முகம் பூசணிக்காயாக அகன்றிருந்தது. பெரிய எழுத்து வைத்திருந்த ஒருவர் போனில் முகூர்த்த நேரமே முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டது.

"மாப்ள இப்பிடியே வந்தா மண்டபத்துக் கதவுல பூருவாரா?" என்று அத்தை கேட்க, அழுதுகொண்டிருந்த தெய்வநாயகிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பானுவுக்குக் காரணம் பளிச்சென்று விளங்கியது. விளங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓர் அங்குலத் திரையில் எத்தனை புள்ளிகள் என்பது போனுக்குப் போன் மாறும். கூடவே ஆண்ட்ராய்டு பழசாக ஆக, புதுசுக்கு எழுதியது அதில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆபீசில் இதற்காக எத்தனை பேரை அவள் வறுத்தெடுத்திருக்கிறாள்! சொந்தக் கல்யாணம் என்ற குஷியில் தன் புதுப் போனை மட்டும் பார்த்து, பக்கத்துக்கு இவ்வளவுதான் உயரம் என்று ஆணியடித்துவிட்டாள். பக்கம் உருளவும் உருளாது. மாமாவிடம் இருப்பதோ அரதப்பழசு, அதிலும் கண் மங்கலுக்காக எல்லாவற்றையும் பெரிசாக்கி வைத்திருப்பவர்.

முறைப்படி என்றால் பக்கத்தையே பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு மட்டும் மாமா பெயரைத் தூக்கி உச்சியில் வைத்தாள், பெரிய எழுத்தில். நலங்கு மஞ்சள் காயாத விரல் பட்டு லேப்டாப் பொத்தான்களெல்லாம் மஞ்சளாயின.

ஆனால் இதை மாமா போனில் யார் ஏற்றுவது? நலங்கு வைத்த பெண் ஊர் எல்லை தாண்டக் கூடாது. வீட்டு ஆண்கள் போனால் சமாதானத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று கதவையே திறக்க மாட்டார். அந்த நேரம் பார்த்து, சேத்துப்பட்டிலிருந்து அஜித் சும்மா பேச அழைத்தான். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஆப்ப எனக்கு அனுப்பு. நான் போய்க்கினு வரேன்," என்றான்.

"உனக்கும் நலங்கு வச்சிட்டாங்களே!"

"எங்கம்மா கோயிலுக்குப் போயிருக்குது. ஜல்தியா போய்ட்டு வந்துடுறேன். மாப்ளய வாசல்ல நிக்க வெப்பாரா உங்க மாமா?"

இவனைக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்ற சந்தோஷம் பானுவுக்கு அந்த நொடியில்தான் முழுசாக உறைத்தது.

போளூரில் மாமா கதவைத் திறந்தபோது, முகம் முழுக்க மஞ்சள் அப்பிய ஓர் ஆள் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். அஜித் தன் போனில் பானுவை வீடியோவில் வைத்தபடியே உள்ளே போனான். மாமாவின் போனை உயிர்ப்பித்து, புது ஆப்பை ஏற்றி, திறந்து காட்டினான். ஆரணியில் பானுவின் தோளுக்குமேல் ஏழெட்டுத் தலைகள் முண்டின.

வந்தது. 'தாய்மாமன் போளூர் தசரதன்.' பாதித் திரைக்கு வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கீழே பார்த்தார். மணமகள் பானுப்ரியா. அதோடு திரை முடிந்துவிட்டது.

"மாப்ள," என்றார் மாமா மெதுவாக, "உம்பேரக் காணோமேப்பா."

பானு தலையில் அடித்துக்கொண்டாள். மேலே ஒன்றைத் தூக்கி வைத்தால் கீழே ஒன்று விழும் என்பதை அவசரத்தில் மறந்திருந்தாள். "அய்யோ அஜித், இரு, இப்பவே சரி பண்ணிடுறேன்!" என்று கத்தினாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம்," என்றான் அஜித். "மாமா, எம்பேரு மண்டபத்து வாசல்ல பேனர்ல இருக்குது. இது உங்க போனு. இதுல உங்க பேரு இருந்தா போதும்."

மாமா அவனுடைய மஞ்சள் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "பேரு இல்லாதவன் எதுக்கு வரணும்னு கேட்டேன். பேரு இல்லாத மாப்ளயே வந்து நிக்கிறான்!" என்று கண்ணைத் துடைத்தார். உள்ளே திரும்பி, "ஏ ரங்கம்மா, பொடவையும் மாலையும் எடும்மே, ஆரணிக்குக் கெளம்பணும்!" என்று மனைவியைக் கூவி அழைத்தார். ஆரணியில் எழுந்த ஆரவாரத்தில் மாவாட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

அன்று சாயங்காலமே பானு முறைப்படி பக்கத்தைப் பிரித்துக் கட்டி, எல்லாப் போனிலும் எல்லாப் பெயரும் தெரிகிறபடி செய்து அனுப்பினாள்.

மறுநாள் மண்டபத்தில் தசரதன் மாமா சம்பந்தி வீட்டாரை ஒவ்வொருவராகப் பிடித்துப் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இல்லாத பத்திரிகை பார்த்ததுண்டா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மணைக்கு மாலையோடு வந்தவர், பானுவின் காதருகே குனிந்தார்.

"பானு, போன்ல ஏதோ அப்டேட் வந்துகினே இருக்குது. அமுக்கட்டுமா?"

பானு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஜித்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அமுக்காதீங்க மாமா," என்றாள்.

மாமா போனை இடுப்பில் செருகிக்கொண்டு மாலையைத் தூக்கினார்.