கேசட்டின் கடைசியில் ஒரு விம்மல்

மாப்பிள்ளைக்கு மச்சான் வைத்திருந்த பட்டப்பெயர் 'துல்லியம்'. பாராட்டி வைத்ததல்ல. அவருக்குத் தராசு பழுதுபார்க்கும் தொழில். கல்யாணமான புதிதில் ஒருநாள், டீயில் சர்க்கரை கால் ஸ்பூன் கூடுதல் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, டேப் ரெக்கார்டர் அப்பா கேசட்டத் தின்னுது. நாலு மணிக்கு ரேடியோக்காரங்க வர்றாங்க. கொஞ்சம் வந்து பாருங்க. ரிப்பேர் மட்டும் போதும், ஆராய்ச்சியெல்லாம் வேணாம்."

உள்ளூர் ரேடியோவில், நேயர்களின் வீட்டுக்கே வந்து, அவர்களுக்குப் பிடித்த நாட்டுப்பாடலையும் அதன் பின்னால் இருக்கும் நினைவையும் பதிவு செய்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. மச்சான் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி அதில் இடம் பிடித்திருந்தார். மாமனார் சரக்குக் கிடங்கில் மேலாளராக இருந்தவர். மூட்டை ஏற்றுகிறவர்களிடம் கற்றுக்கொண்ட பாட்டு ஒன்றை, இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேசட்டில் பாடி வைத்திருந்தார்.

"வண்டி போகுது வளைவு தாண்டி,
வாசல்ல நிக்கிறவ வர்றியாடி?"

பத்தொன்பது வருடமாக அந்தக் குடும்பம் இதைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறது. வண்டி என்றால் கடைசி வண்டி. வாசலில் நிற்பவள் என்றால் மாமியார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக இழுத்து மாமனார் பாடுவார். முடிவில் ஒரு விம்மல் கேட்கும். "சாவு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்பார் மச்சான். மாப்பிள்ளையின் மனைவி அதற்குமேல் உட்கார மாட்டாள். கைக்குட்டையைத் தேடி எழுந்து போய்விடுவாள். அழாதவர் மாமியார் ஒருவர்தான். பாட்டு தொடங்கியதும் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவார். கல் நெஞ்சு என்று உறவில் ஒரு பேச்சு உண்டு.

மாப்பிள்ளை மனைவியோடு போய்ச் சேர்ந்தபோது மச்சான் ரேடியோக்காரர்களுக்கு பிஸ்கட் வாங்கக் கடைக்குக் கிளம்பியிருந்தார். மாப்பிள்ளை கூடத்து மேசையில் டேப் ரெக்கார்டரைத் திறந்தார். உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடு. மோட்டார் சுற்றும், ஒரு ரப்பர் பெல்ட் அந்தச் சுற்றை மெல்லிய இரும்புத் தண்டுக்குக் கொண்டுபோகும், தண்டு நாடாவைச் சீராக இழுக்கும். பெல்ட் தளர்ந்தால் நாடா தேங்கிச் சிக்கிக்கொள்ளும். புது பெல்ட் மாட்டினார். பத்து நிமிட வேலை. போட்டுக் கேட்டார். வழக்கமான அதே கனத்த குரல்.

அத்தோடு எழுந்திருந்தால் அவருக்குத் 'துல்லியம்' என்று பெயர் வந்திருக்காது.

பாட்டின் பின்னணியில் கடிகாரச் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே சுவரில் ஆடிக்கொண்டிருக்கும் அதே பெண்டுலக் கடிகாரம். சுவரில் இருப்பது நிமிடத்துக்கு நூற்றிருபது முறை டிக் என்றது. கேசட்டில் இருப்பதை எண்ணினார்: தொண்ணூற்றிரண்டு. இன்னொரு முறை எண்ணினார். அதே தொண்ணூற்றிரண்டு.

பெண்டுலத்தின் ஆட்டத்தைத் தீர்மானிப்பது அதன் நீளம்தான். வீட்டில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்பது அதற்குத் தெரியாது. கடிகாரம் அன்றைக்கு உண்மையிலேயே அப்படி ஓடியிருந்தால் ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாமனார் கிடங்குக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் போய்ச் சேர்ந்திருப்பார். ஆகவே தவறு கடிகாரத்தில் இல்லை, நாடா ஓடும் வேகத்தில்.

மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. மாப்பிள்ளை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு, மயிரிழை மயிரிழையாக, நூற்றிருபது வரும்வரை திருப்பினார். பிறகு நாடாவை முதலிலிருந்து ஓடவிட்டார்.

மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற ஓர் இளந்தாரிக் குரல் குதித்துக்கொண்டு வந்தது. வண்டி இப்போது ஓட்டமாக ஓடியது. 'வர்றியாடி' என்பதில் கண்ணடிப்பு இருந்தது. பெண்ணை வண்டியில் ஏறச்சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு! கடைசியில் வந்தது விம்மலே இல்லை. ஒரு பெண், வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல், களுக்கென்று சிரித்தாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் ஈரக்கையோடு வந்து கூடத்து நிலைப்படியில் நின்றார்.

"இன்னொரு தடவ போடுங்க மாப்பிள்ளை."

போட்டார். சிரிப்பு வரும் இடத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே மாமியார் சிரித்துவிட்டார்.

"அத்தை, அது நீங்களா?"

"பின்ன யாரு? ஐம்பது வயசு மனுஷன், பொண்டாட்டியப் பாத்து இந்தப் பாட்டப் பாடினா சிரிப்பு வராதா? அவரு போன மூணாம் மாசம் மோட்டார் எரிஞ்சுது. எதோ ஒரு மெஷின்ல இருந்து கழட்டிப் போட்டாங்க. அன்னைக்கே சொன்னேன், இது அவரு குரல் இல்லைன்னு. துக்கத்துல காது அடைச்சிருச்சும்மான்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான் உங்க மச்சான்."

வேறு கேசட் எதையாவது போட்டிருந்தால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அப்பாவின் இயந்திரத்தில் வேறு எதுவும் ஓடக்கூடாது என்று மச்சான் கட்டளை போட்டிருந்தார். அந்தப் பக்திதான் பிழையைப் பத்தொன்பது வருடம் பத்திரமாகக் காப்பாற்றியது.

மச்சான் பிஸ்கட் பையோடு உள்ளே வந்தார். பாட்டைக் கேட்டார். பையைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்ள பண்ணி வச்சிருக்கீங்க? எங்கப்பாவ எலி மாதிரி கீச்கீச்னு பாட வச்சிருக்கீங்களே!"

மாப்பிள்ளை ஆர்வமாகப் பெண்டுலத்திலிருந்து தொடங்கினார். நூற்றிருபது, தொண்ணூற்றிரண்டு, ஐந்தரை மணி நேரம்.

"கடிகாரம் அழுமா மாப்ள? நான் அழுதிருக்கேன். என் பிள்ளைங்க அழுதிருக்கு. உங்க கணக்குப்படி அதெல்லாம் என்ன?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, ரேடியோக்காரங்க வர்ற வரைக்கும்... பழையபடியே வச்சிருங்களேன்."

"உங்கம்மா குரலும் ரேடியோல வரப்போவுது. அவங்க சிரிச்சத அழுகைன்னு ஊருக்கே சொல்லப் போறீங்க" என்றார் மாப்பிள்ளை. முதன்முறையாக அவர் குரல் உயர்ந்திருந்தது.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவரோ மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் அந்த முகம், பொம்மையைப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளைகளுக்குக் கோணுமே, அப்படிக் கோணிக்கொண்டிருந்தது.

"அவன் கேக்குற மாதிரியே வச்சிருங்க மாப்பிள்ளை."

எத்தனையோ கடைகளின் தராசுகளை நேராக்கிய கை, தெரிந்தே ஒரு பொய்யளவுக்குத் திருகைத் திருப்பியது. அதிலும் அவரால் ஏனோதானோவென்று இருக்க முடியவில்லை. சரியாகத் தொண்ணூற்றிரண்டில் நிறுத்தினார்.

ரேடியோக்காரம்மா வந்தார். மச்சான் கரகரத்த குரலில் கடைசி வண்டியைப் பற்றிப் பேசினார். விம்மல் வந்த இடத்தில் அவரும் விம்மினார். ரேடியோக்காரம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. அவர் அழுதப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றார் மாமியார். "என்னால தாங்க முடியல."

மைக் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

ரேடியோக்காரம்மாவை வழியனுப்ப மச்சானும் மாப்பிள்ளையின் மனைவியும் தெருவுக்குப் போனதும் மாமியார் மேசை அருகே வந்தார்.

"அவனுக்கு அழுறதுக்கு ஒரு அப்பா வேணும், இருந்துட்டுப் போகட்டும். எனக்கு எம் புருஷன் வேணுமே. நாளைக்கு ஒன்பது மணிக்கு அவன் ஆபீஸ் போயிருவான். இதை எந்தப் பக்கம் திருப்பணும், சொல்லுங்க."

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "இங்க பாருங்க அத்தை, வலது பக்கம் திருப்பினா வேகம் கூடும். ரொம்ப அழுத்தக்கூடாது..." என்று நிதானமாக, தொடக்கத்திலிருந்து விளக்க ஆரம்பித்தார்.