நாலு எட்டுத் தூரம்

நாலு எட்டுதான். கண்ணைத் திறக்காமலே போய் வந்துவிடலாம்.

மேனேஜர் அடைக்கலராஜ் சாவியை நீட்டிக்கொண்டு நிற்கும்போது தெரசம்மாளின் மனசில் ஓடியது இதுதான்.

கொடைக்கானலில் அந்த மிஷன் பள்ளி விடுதிக்கு அவள் வார்டனாகிப் பதினெட்டு வருஷம். அதற்கு மரியாதையாக ஏரியைப் பார்த்த மாடி அறையை ஒதுக்கியிருந்தார்கள்; அந்தச் சாவிதான் அது. இப்போது அவள் இருப்பது கழிப்பறையை ஒட்டி, முன்பு துடைப்பமும் வாளியும் போட்டு வைத்திருந்த அறை. போன வருஷம் அவளே கேட்டு வாங்கியது. வந்து மூன்று மாதமே ஆன மேனேஜருக்கு அது தெரியாது.

பெருங்குடலில் புண் என்று மதுரை டாக்டர் சொன்னது எழுபத்து நாலாம் வருஷம். மாத்திரையில் ரத்தம் நின்றது, தூக்கம் திரும்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் காப்பியை விட்டாள். ஆறு மணிக்கே கஞ்சி குடித்து முடித்தாள். அப்படியும் ராத்திரிக்கு நாலு முழிப்பு. பழைய அறையிலிருந்து மழையில் முற்றத்தைத் தாண்டிக் கழிப்பறைக்கு ஓடிவிட்டு வந்த ஒருநாள்தான் அவளுக்குப் புரிந்தது: பாதி முழிப்பு வயிற்றால் இல்லை, முற்றத்தால். அவசரம் வந்தால் அத்தனை தூரம் போய்ச் சேருவோமா என்ற பயம், வயிறு சும்மா கிடந்த போதும் அவளைத் தூங்க விடவில்லை. இந்த அறைக்கு வந்த முதல் வாரமே தூங்கினாள். தூங்கத் தூங்க வயிறும் கொஞ்சம் ஆறியது.

"மாடிக்குக் கக்கூஸ் எங்கங்க சார்?" தெரிந்தேதான் கேட்டாள்.

"கீழதாங்க. படி இறங்கிப் பின்னால சுத்திப் போகணும். அது என்ன பெரிய விஷயம்? ஜன்னலத் தெறந்தா லேக்கு!"

பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டி கிராமத்திலிருந்து வந்த கேரட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த சமையல்கார அமலி தலையை நிமிர்த்தினாள். "வெரசா வாங்கிக்கிருங்கக்கா. மெட்ராஸ்ல இருந்து வந்து பாக்குற லேக்கு. நீங்க என்ன வாளியப் பாத்துக்கிட்டே கெடக்குறீங்க?"

தெரசம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. நோயைச் சொல்லிவிடலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வயிற்றைத் திறந்து காட்ட வேண்டுமா என்ன? ஐந்து வருஷத்துக்கு முன்பென்றால் மரியாதைக்காகச் சாவியை வாங்கியிருப்பாள். ஏரிக்கு மேலே முழித்துக் கிடந்திருப்பாள்.

"ரொம்ப சந்தோஷங்க சார். புதுசா வர்ற டீச்சருக்குக் குடுங்க. எனக்குத் தூக்கம் இங்கதாங்க வருது."

"அவசரமில்ல, யோசிச்சே சொல்லுங்க."

"யோசிச்சுட்டேங்க சார்."

சொல்லிவிட்டு அமலி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேரட்டை எடுத்தாள். சாவி அவர் கையிலேயே இருந்தது.