பேக்கப் ஆகாத முப்பத்தாறு நாள்

காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஒரு மணிக்குப் போய்விடும். லுசாக்காவில், செல்ஸ்டன் பகுதியில் எங்கள் தெருவுக்கு ஒரு நாளைக்கு அந்த மூன்று மணி நேரம்தான். துணி தேய்ப்பவர்கள் தேய்த்துக்கொள்ளலாம், மோட்டார் போடுபவர்கள் தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு அன்று வேறு வேலை. ஒரு மணிக்குள் சிஷாவின் அம்மாவைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

சிஷாவின் அம்மா முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடக்கம். அவர் தன் மகளிடம் கடைசியாக மனம் விட்டுப் பேசியது ஐந்து வாரத்துக்கு முன்னால், மகளின் கிச்சன் பார்ட்டியில். அதை வீடியோ எடுத்தவள் நான்.

என் பிழைப்பே அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் கூடி, பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முரசு தட்டி, பாடி, ஆடி, புருஷனோடு குடித்தனம் நடத்தச் சொல்லிக்கொடுக்கிற கிச்சன் பார்ட்டிக்கு எந்தக் கேமராக்காரன் வர முடியும்? அதனால் லுசாக்காவில் பாதிப் பேர் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்த ஆணின் கண்ணும் இதில் படாது என்று ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் திறப்பேன்.

சிஷாவுக்கு இரண்டு வாரத்தில் படத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஐந்து வாரமாகியும் தரவில்லை. கரண்ட் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் சாக்கை அவளுக்கும் சொன்னேன். உண்மையில் சோம்பல்தான். அடுத்த சனிக்கிழமை இன்னொரு பார்ட்டி வந்ததும் கேமராவின் கார்டுகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக எடுத்தேன். லேப்டாப்பில் ஒன்று இருக்கிறது, தானே பிரதி எடுத்து வைக்கும் பெட்டியில் இன்னொன்று இருக்கிறது, பிறகென்ன என்ற தைரியம்.

அன்று காலை ஏழு மணிக்குச் சிஷா போன் செய்தாள்.

"அக்கா, அம்மா அன்னிக்கு என்கிட்ட பேசினாங்கல்ல, அது வேணும். சாயங்காலம் பொம்பளைங்க எல்லாரும் இங்க இருப்பாங்க. நாளைக்கு மண்ணு போட்டதுக்கு அப்புறம் என்னால அதைக் கேக்க முடியாது. இன்னிக்கே கேக்கணும்."

"கொண்டு வரேன்மா," என்றேன்.

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அது இரண்டு முறை டக் டக்கென்று தட்டியது, கறுப்பாக நின்றது. மறுபடி திறந்தேன். மறுபடி தட்டியது. உடனே ஜெரேவைக் கூப்பிட்டேன்.

ஜெரே பத்தேகாலுக்கு வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், என் வீட்டுக்காரர் கசொண்டேயின் சிநேகிதன், பெட்டியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் மாட்டித் தந்தவனும் அவனே. அவன் ந்கோனி இனம், நாங்கள் பெம்பா. இரண்டு கூட்டத்துக்கும் தாத்தா காலத்திலிருந்து கேலிதான் உறவு. சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள்.

"குரங்கு தின்னுற கூட்டத்துக்கு லேப்டாப் எதுக்கு அண்ணி?" என்றபடியே உள்ளே வந்தான்.

"எலி புடிக்கிற கையைக் கழுவிட்டு வந்து தொடு," என்றேன். எப்போதும் சொல்வதுதான், ஆனால் குரலில் சிரிப்பு வரவில்லை. அவனும் கவனித்துவிட்டான். பேசாமல் உட்கார்ந்து லேப்டாப்பைக் காதருகே வைத்துக் கேட்டான்.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. இதைத் தோண்டி எடுக்கணும்னா தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பணும். மாசக்கணக்காகும். கவலைய விடுங்க, பெட்டில இருக்குமே."

பெட்டி டிவிக்குக் கீழே, ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரொட்டித் துண்டு வாட்டும் மெஷின் அளவுதான். என் லேப்டாப்பில் நான் எடுத்து வைப்பதையெல்லாம் வைஃபை வழியாகத் தானே வாங்கி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டியது அதன் வேலை. ஜெரே தன் லேப்டாப்பில் அதைத் திறந்தான். என் பெயரில் உள்ள அறையில் ஜனவரி இருந்தது, பிப்ரவரி இருந்தது, சிஷாவுக்கு முந்தின வாரம் எடுத்த பார்ட்டி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"அண்ணி, இது அஞ்சு வாரமா பேக்கப் ஆகல. உங்க போனுக்குச் சேதி வரலயா?"

வந்தது. தினமும் வந்தது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை, 'பேக்கப் ஆகவில்லை' என்று. கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப் பெட்டியைத் தேடும், கிடைக்காது, உடனே எனக்குப் புகார் அனுப்பும். வேலை முடிந்தால் சத்தமே காட்டாது, முடியாவிட்டால் மட்டும் புலம்பும் ஜாதி அது. இருபத்தொரு மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் அந்தப் புலம்பலை யார் படிப்பது? காலையில் கண்ணைத் துடைப்பது போல அதையும் விரலால் துடைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் கரண்டைக் கைகாட்டிப் பழகிவிட்டால் இப்படித்தான்.

ஜெரே வயரைப் பிடுங்கிச் செருகினான். ரவுட்டரை அணைத்துப் போட்டான். மணி பத்தே முக்கால். என் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போனான், போக முடிந்தது. சும்மா ஒரு சின்ன ஃபைலை உள்ளே போட்டுப் பார்த்தான். 'அனுமதி இல்லை' என்று வந்தது. வேறொன்றைப் போட்டான். அனுமதி இல்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. வயர் நல்லாருக்கு. உங்களை மட்டும் எழுத விட மாட்டேங்குது. படிக்கலாம், வைக்கக் கூடாதுங்குது. அதுவா அப்படி மாறாது. யாராவது மாத்தணும்."

"யாரு மாத்துவா? நான் அந்தப் பக்கமே போறதில்ல."

அவன் பெட்டியின் நாட்குறிப்பைத் திறந்தான். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அது தானே எழுதி வைக்குமாம். கீழே கீழே போனான். ஓர் இடத்தில் நின்றான். அதற்குப் பிறகு அவன் கேலியும் பேசவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

"என்ன ஜெரே?"

"கசொண்டே எங்க?"

"ஸ்கூல்ல. எதுக்கு?"

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிறு, காலை பத்தே முக்காலுக்குச் சிஷாவின் பார்ட்டி முழுவதும் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பதினொன்று இருபதுக்கு அதை அழித்திருக்கிறார்கள். பதினொன்று இருபத்தாறுக்கு என் அனுமதியை எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நேராக ஒரே பெயர், கசொண்டே. என் வீட்டுக்காரர்.

போனை எடுத்தேன். கோபமா பயமா என்று அப்போது தெரியவில்லை, இப்போது யோசித்தால் இரண்டும்தான். அவர் கணக்கு வாத்தியார், வகுப்பு நடுவில் போன் எடுக்க மாட்டார். விட்டு விட்டு நான்கு தடவை அடித்தேன். பன்னிரண்டேகாலுக்கு அடித்த ஐந்தாவதில் எடுத்தார்.

"கடோங்கோ அம்மா, கிளாஸ்ல இருக்கேன்," என்றார். எங்கள் பிள்ளையின் பெயரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார்.

"வெளிய வாங்க. அந்த ஞாயித்துக்கிழமை பெட்டில எதை அழிச்சீங்க?"

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"நீ சர்ச்சுக்குப் போயிருந்த," என்றார். "கசாமாவுலருந்து மாமா வந்திருந்தாரு. நியூஸ் பாக்கணும்னாரு. டிவியைப் போட்டேன். பெட்டில புதுசா என்ன வந்தாலும் டிவில மேல வந்து நிக்குதே, அது எனக்குத் தெரியாது. மாமா ரிமோட்டை எடுத்து எதையோ அமுக்கிட்டாரு. ஒரு அம்மா ஆடிட்டிருந்தாங்க. அந்த மாதிரி ஆட்டம்."

"அப்புறம்?"

"மாமா முகத்தை மூடிக்கிட்டாரு. உன் பொண்டாட்டி பொம்பளைங்க ரகசியத்தை வீட்டுக்கு நடுவுல கடை விரிக்கிறாளான்னு கேட்டாரு. எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல. உடனே அழிச்சேன். இனிமே டிவில வரக்கூடாதுன்னு போன்லயே எதையோ மாத்தினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பாத்துட்டேன்னா சொல்றது?"

எங்கள் ஊரில் எந்த ஆணும் அதைச் சொல்ல மாட்டான். கண்ணில் பட்டதைவிட, பட்டது என்று வாயால் சொல்வதுதான் பெரிய அசிங்கம். ஐந்து வாரம் என்னோடு ஒரே தட்டில் ந்ஷிமா களி சாப்பிட்டுக்கொண்டு, லேப்டாப்பில் ஒன்று இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பெட்டியில் ஒன்று இருக்கிறதே என்று இருந்தேன்.

"அந்த அம்மா செத்துட்டாங்க," என்றேன். "சிஷா அம்மா. நாளைக்கு அடக்கம். நீங்க அழிச்சதுதான் மிச்சமிருந்த ஒண்ணு."

ஜெரே என் கையிலிருந்து போனை வாங்கினான்.

"கசொண்டே, பெட்டியோட தலைமைப் பாஸ்வேர்ட் சொல்லு. சீக்கிரம்." எழுதிக்கொண்டான். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னான், "அழிச்சது உடனே போகாது அண்ணி. குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கு, அங்க கிடக்கும். ஆனா முப்பது நாள்தான் வச்சிருக்கும். நானே அப்படித்தான் வச்சு விட்டேன்."

விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன். முப்பத்தாறுதான்.

மணி பன்னிரண்டரை. அடுத்த வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன பாஸ்வேர்ட் முதல் தடவை ஏறவில்லை. இரண்டாவது தடவையும் ஏறவில்லை. ஜெரே எதையோ பெரிய எழுத்தாக மாற்றி மூன்றாவது தடவை போட்டான், திறந்தது. குப்பைத்தொட்டிக்குள் போனான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் இருந்தேன்.

நான்கு ஃபைல். சிஷா ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"எப்படிடா?" என்றேன். அவனை அப்படி நான் கூப்பிட்டதே இல்லை.

"முப்பது நாள் தாண்டினதைக் கூட்டித் தள்ளுறது விடியக்காலை மூணு மணிக்கு. அந்த நேரத்துல பெட்டி முழிச்சிருந்தாத்தானே." அவன் ஏற்கனவே தன் டிஸ்க்கைச் செருகிக்கொண்டிருந்தான். "எல்லாம் எடுக்க நேரமில்ல. எது முதல்ல?"

மூன்றாவது சிஷா அம்மாவின் ஆட்டம். நான்காவது பேச்சு. சிஷா கேட்டது பேச்சு.

"நாலு," என்றேன்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பன்னிரண்டு நாற்பது. பாதி வந்தபோது அடுத்த வீட்டு மோட்டார் நின்றது, என் உயிரும் நின்றது. அவர்களாகவே அணைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு நான்காவது முடிந்தது. மூன்றாவதைத் தொடங்கினோம். கால்வாசி போனதும் பெட்டியின் விளக்கு செத்தது. டிவியின் சின்ன விளக்கும் செத்தது. ஒரு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி.

"வந்தது சரியா இருக்கான்னு பாருங்க," என்று ஜெரே லேப்டாப்பை என்னிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். காதிலும் விரலை வைத்துக்கொண்டான். ஆறடி மனிதன் அப்படி நிற்பதைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்துவிட்டது. படம் ஓடியது. சிஷாவின் அம்மா மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார். நிறுத்தினேன்.

அவன் லேப்டாப்பையே இரவல் வாங்கிக்கொண்டு, இடுப்பில் சிட்டெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு, சாவு வீடு இருந்த மட்டேரோவுக்குப் போனேன். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். உள்ளே சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சிஷா சுவரோரமாக, தலைத்துணி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் இருந்தாள். கதவைச் சாத்தினார்கள்.

நான் முதலில் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் படத்தைப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அதை வாங்கிக்கொண்ட அம்மா பக்கத்து அறையில் கிடந்தார். என் வீட்டுக்காரரும் அவர் மாமாவும் பார்த்துவிட்டார்கள் என்றேன். பேச்சு மட்டும்தான் கொண்டுவர முடிந்தது, ஆட்டம் பெட்டியிலேயே இருக்கிறது, நாளைக்குப் பத்து மணிக்குத்தான் எடுக்க முடியும் என்றேன். கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்தே போனாள்.

சிஷா படத்தைப் போடச் சொன்னாள். அவள் அம்மா பேசினார். புருஷனிடம் கோபம் வந்தால் சமைத்து வைத்துவிட்டுக் கோபப்படு, பட்டினி போட்டுவிட்டுக் கோபப்படாதே, அப்புறம் உனக்குத்தான் பசிக்கும் என்றார். எல்லாப் பெண்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள். முடிந்ததும் சிஷா லேப்டாப்பை மூடி அதன் மேல் கையை வைத்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பாத்தாருல்ல," என்றாள். "நான் அன்னிக்குத் தலையைக் குனிஞ்சு பாயில உக்காந்திருந்தேன். நிமிரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா ஆடினதை நான் பாக்கவே இல்ல. நல்லா ஆடினாங்களாமா?"

அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். நான் பார்த்திருந்தேன், கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முழுவதும்.

எழுந்தேன். சிட்டெங்கேயை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். எனக்கு ஆட வராது, எடுக்கத்தான் வரும். சிஷாவின் அம்மாவுக்கு இடது முழங்கால் வலி, அதனால் வலது காலில் சாய்ந்துகொண்டு, இடுப்பை மட்டும் மெதுவாகச் சுற்றி, பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, யாரோ சிரித்ததும் அவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆடியிருந்தார். அதை அப்படியே ஆடினேன், மூச்சு வாங்கின இடம் உட்பட. முகத்தைத் திருப்பிக்கொண்ட கிழவிகளில் ஒருத்தி கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தாள். சிஷா தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.