குளிச்சிட்டுதான் வந்தேன்

மத்திகிரியில் எங்கள் வரிசை வீடுகளில் உறைமோர் கேட்டால் யாரும் இல்லை என்று சொன்னதில்லை. குடிவருகிறவர்கள் கன்னடமோ தெலுங்கோ பேசட்டும், டம்ளரை நீட்டினால் ஒரு கரண்டி ஊற்றிவிட வேண்டும். ஸோயா பக்கத்து வீட்டில் இருந்தவரை நாங்களும் அப்படித்தான். அதே பழக்கத்தை ஆய்வகத்துக்கும் கொண்டுபோன மகா புத்திசாலி நான்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் பின்பக்க அறைதான் ஆய்வகம். உருகிய இரும்பு தெறித்துக் கை வெந்துபோகும் ஃபவுண்டரி ஆட்களுக்காக ஸோயாவும் நானும் ஒரு ஜெல் செய்துகொண்டிருந்தோம். மருந்தை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால், அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூல் நூலாகச் சேரும். அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கொட்டாது. முதன்முதலாக அது சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு வழி பிடிபட்டது: பழைய ஜெல்லில் ஒரு பொட்டு எடுத்துப் போட்டால் புதியதும் அதன்படியே சேர்ந்துவிடும். அதை உறை என்றே சொல்வோம்.

ஆனால் அதே மூலக்கூறுகளுக்கு இன்னொரு புத்தியும் உண்டு. உப்புபோலப் படிகமாக அடுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படிகத் துகள் காற்றில் வந்துவிட்டால் போதும், அப்புறம் அந்த அறையில் ஜெல் என்பதே வராது. முன்பிருந்த வாடகை அறையை இப்படித்தான் பறிகொடுத்தோம். என் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு குப்பிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. வேறு ஆய்வகத்திலிருந்து வருகிறவர்கள் குளித்து, துவைத்த துணி உடுத்தித்தான் உள்ளே வர வேண்டும் என்று அதற்குப் பிறகு சட்டம் போட்டவள் ஸோயாதான்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பெயிண்ட் ஆராய்ச்சி என்றாள். நான் அழுதுகொண்டே பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது பிரியாணிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

"எங்க லேப்ல பெரிய மெஷின் இருக்குதுடி. உன் ஜெல்லு எவ்ளோ தாங்குதுன்னு சும்மாவே பாத்துச் சொல்றேன். கொஞ்சூண்டு குடு."

ஃப்ரிட்ஜில் இருந்த குப்பியை அப்படியே கொடுத்தேன். அடுத்த மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து டாக்டர்கள் ஜெல்லைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று சொதப்பினால் அறையைப் பூட்டிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அளந்து கொடுக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளை ஆய்வகத்துக்கும் இழுத்துப்போனேன்.

வாசலில் கேட்டேன். "குளிச்சியா? துவைச்ச துணிதான?"

"குளிச்சிட்டுதான்டி வந்தேன்."

ஆனாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பழைய இடத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது என்று நினைத்து, நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

திங்கட்கிழமை புதிதாக ஜெல் செய்து ஆறவைத்த குப்பியைக் கவிழ்த்தேன். தண்ணீர் மடமடவென்று கொட்டியது. அடியில் வெள்ளை வெள்ளையாய்த் துகள். கழுவினேன், அறை முழுக்கத் துடைத்தேன், புதுக் குப்பிகள் வாங்கினேன். எல்லாவற்றிலும் படிகம். ஆய்வகத்தில் உறைக்கு வைத்திருந்ததும் கெட்டுப்போனது.

வீட்டுக்கு வந்து ஸோயாவைப் போனில் கூப்பிட்டேன்.

"எல்லாம் போச்சுடி. அந்தக் குப்பியில ஒரு பொட்டு குடு. வேற ரூம் பாத்து மறுபடி ஆரம்பிச்சுக்கறேன்."

"அது இப்ப எங்க கம்பெனி மெட்டீரியல், வின்சி. வேற பில்டிங்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. வெளிய தர முடியாது."

"பெயிண்ட் கம்பெனிக்கு எதுக்குடி அது?"



"பெயிண்ட் இல்ல. இந்த ஜெல்லைப் பண்ணித் தர்றேன்னு சொல்லித்தான் சேந்தேன். உறை இல்லாம பண்ணதெல்லாம் படிகமாவே வந்துச்சு. லேப் பூரா அதுதான்."

"குளிச்சேன்னு சொன்னியே?"

"அன்னிக்கி லேப்ல இருந்து நேரா பஸ் ஏறிட்டேன். குளிக்கலைன்னு சொன்னா, எந்த லேப்பு, என்ன பண்றேன்னு கேட்டிருப்பல்ல?"

திருடியதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். எனக்கும் வேலை போகும் பயம் தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்றபோது உள்ளே போனால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தெரிந்துதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

போனை வைத்த நேரத்தில் கதவைத் தட்டினாள் மாதேஸ்வரி. ஸோயா இருந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள்.

"அக்கா, ஒரு கரண்டி உறைமோர் குடுக்கா" என்று டம்ளரை நீட்டினாள்.

"இல்ல" என்றேன்.

மேசைமேல் சட்டி நிறையத் தயிர் இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.